உள்ளக அலங்காரம்: சுயமாகக் கற்றுச் சுயதொழிலாக்குதல்



"உமது பிரதேசத்தில் ஆரம்பிக்கக்கூடிய சுயதொழில் ஒன்றைத் தெரிவு செய்து..." எனத் தொடங்கும் வினாவுக்கு எனது வகுப்பில் எழுதப்படும் விடைகள் பெரும்பாலும் கோழி வளர்ப்பு, காளான் செய்கை, தையல் என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும். அவை பிழையான விடைகள் அல்ல. ஆனால் ஒரு கோழி நாளொன்றுக்கு எவ்வளவு தீவனம் தின்னும் என்று திருப்பிக் கேட்டால் எழுதியவருக்கே தெரியாது. தெரியாத தொழிலுக்குச் செலவுக் கணக்குப் போட முடியாது. கணக்கில்லாத விடைக்கு முழுப்புள்ளி கிடைக்காது.

ஆகவே இப்பாடத்தில், உங்கள் சொந்த வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும், மனைப்பொருளியல், சித்திரம் ஆகிய மூன்று பாடங்களில் படித்தவை இதில் ஒன்றுசேர்கின்றன. பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை கையில் சில மாதங்கள் இருக்கும். அந்த மாதங்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

உள்ளக அலங்காரம் என்றால் என்ன?

ஒரு கட்டடத்தின் உள்ளிடத்தை, அங்கு வாழ்பவரின் தேவைக்கும் வசதிக்கும் ஏற்ப நிறம், ஒளி, துணி, தளபாடம், அலங்காரப் பொருட்கள் ஆகியவற்றைக் கொண்டு ஒழுங்கமைத்தல் உள்ளக அலங்காரம் ஆகும். உள்ளக வடிவமைப்பு என்பது இதனிலும் விரிந்தது. சுவரை இடித்தல், மின்னிணைப்பை மாற்றுதல், நீர்க்குழாயை நகர்த்துதல் என்பன அதனுள் அடங்கும். அதற்கு முறையான கல்வியும் தகைமை பெற்ற தொழிலாளரும் தேவை. சுயமாகக் கற்பவர் இந்த எல்லையைத் தாண்டக்கூடாது. விளக்கை எங்கே வைப்பது என்று நீங்கள் சொல்லலாம். வயரைத் தொடுபவர் மின்னியலாளராக இருக்க வேண்டும்.

இரண்டு பெண்கள், இரண்டு வீடுகள்

எல்சி டி வுல்ஃப் நியூயோர்க் நகரில் மேடை நடிகையாக இருந்தவர். நடிப்பைவிட அவர் அணிந்த ஆடைகளே அதிகம் பேசப்பட்டன என்பர். நாடக முகவராக இருந்த தோழி எலிசபெத் மார்பரியுடன் அவர் குடியிருந்த வீடு அக்காலத்து வழக்கப்படி இருண்டிருந்தது. கனத்த திரைச்சீலை, கரும் பலகை, மூலைக்கு மூலை அலங்காரப் பொருட்கள். 1890களின் இறுதியில் அவர் அந்த வீட்டை மாற்றத் தொடங்கினார். மிகையான பொருட்களை வெளியேற்றினார்; இருண்ட பலகைகளுக்கு வெளிர் நிறம் பூசினார்; கண்ணாடிகளை வைத்து வெளிச்சத்தைப் பெருக்கினார். இதற்கென அவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவரல்லர். வீட்டுக்கு வந்த விருந்தினர் பார்த்தார்கள். தங்கள் வீட்டுக்கும் யோசனை கேட்டார்கள்.

1905இல் நியூயோர்க்கில் பெண்களுக்கென அமைக்கப்பட்ட கொலனி கிளப் என்னும் கழகக் கட்டடத்தின் உட்புற அலங்காரம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஸ்ரான்போர்ட் வைற் அவருக்காகப் பேசினார். 1907இல் கழகம் திறக்கப்பட்டபோது, தோட்டத்தில் கொடி படரவிடும் மரப்பின்னலை ஓர் அறையின் சுவர்களில் பொருத்தியிருந்தார். பட்டுக்கும் வெல்வெற்றுக்கும் பதிலாகப் பூப்போட்ட பருத்தித் துணியைப் பயன்படுத்தினார். இத்துணியை நம் பாட்டிமார் சீத்தை என்பார்கள். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி ஐரோப்பிய வீடுகளுக்குப் போன துணிவகை அதுவே. 1913இல் தமது அனுபவத்தை ஒரு நூலாகவும் வெளியிட்டார். கோடீஸ்வரரான ஹென்றி கிளே ஃபிறிக்கின் மாளிகையில் தனியறைகளை அலங்கரித்தபோது, வாங்கும் பொருட்களின் பெறுமதியில் ஒரு வீதத்தைத் தரகாகப் பெற்றார். அம்மாளிகை இன்று ஓர் அரும்பொருட்காட்சிச்சாலை.

இங்கே ஒரு விடயத்தை மறைக்கக்கூடாது. டி வுல்ஃபைச் சுற்றிப் பணக்கார நண்பர்கள் இருந்தார்கள். நம்மில் பலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே அவருடைய வாடிக்கையாளரைப் பார்த்து ஏங்காமல், அவர் தொடங்கிய இடத்தைப் பாருங்கள். குடியிருந்த வீடுதான் அவரது பயிற்சிக்கூடம். அதுவேதான் முதல் விளம்பரமும்.

எமது நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. ஈனா டி சில்வா (1922–2015) பத்திக் கலைக்குப் பெயர் பெற்றவர். 1960களின் தொடக்கத்தில், கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கொழும்பில் அவருக்கு வடிவமைத்துக் கொடுத்த வீட்டிலேயே மகனுடனும் ஓவியர் லக்கி சேனநாயக்கவுடனும் சேர்ந்து பத்திக் வேலையைத் தொடங்கினார். யாவாவிலிருந்து வந்த இந்த மெழுகுச் சாயமிடலை அவர்கள் செய்து செய்தே பழகினார்கள். பின்னர் பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்பு மண்டபக் கூரையின் உட்புறத்தை அவர்களது பத்திக் துணிகள் அலங்கரித்தன. சேலையாக உடுத்தும் துணியைக் கூரைக்குக் கொண்டுபோனது ஒரு புத்தாக்கம். பாடநூலில் புத்தாக்கம் என்ற சொல்லுக்கு உதாரணம் கேட்டால் இதனைத் தயங்காமல் எழுதலாம். பிற்காலத்தில் மாத்தளை அலுவிகாரையில் கிராமத்துப் பெண்களுக்குப் பத்திக், பூவேலை முதலியவற்றில் தொழில் கொடுத்தார்.

சொந்த வீட்டில் கற்றல்

முதலில் தேவைப்படுவது ஓர் அளவு நாடா. உங்கள் வரவேற்பறையின் நீளம், அகலம், உயரம், கதவு, யன்னல் எல்லாவற்றையும் அளந்து வரைபுத்தாளில் 1:50 அளவுத்திட்டத்தில் வரையுங்கள். 4 மீற்றர் சுவர் தாளில் 8 சென்ரிமீற்றர் ஆகும். கதிரை, மேசை, அலுமாரி ஆகியவற்றையும் அதே அளவுத்திட்டத்தில் மட்டையில் வெட்டி, தாளின் மேல் நகர்த்திப் பாருங்கள். ஆள் நடமாடும் வழியில் 75 முதல் 90 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். அலுமாரியைத் தூக்கித் தூக்கி வைத்து அப்பாவின் இடுப்பைப் பிடிக்க வைக்கத் தேவையில்லை.

அடுத்து ஒளி. அதே அறையைக் காலை எட்டு மணிக்கும், நண்பகலிலும், பின்னேரம் நான்கு மணிக்கும், இரவு மின்குமிழ் வெளிச்சத்திலும் பார்த்துக் குறித்து வையுங்கள். மேற்கு யன்னலுள்ள அறையில் பின்னேர வெயில் நேரே விழும். அங்கு அடர்ந்த செம்மஞ்சள் பூசினால் அறை அடுப்படி போலத் தோன்றும். கடையிலுள்ள நிறஅட்டையை மட்டும் நம்பி வாங்காமல், சிறிதளவு பெயின்றை ஒரு பெரிய தாளில் பூசிச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். வெளிர் நிறம் அறையை விசாலமாகவும் அடர் நிறம் ஒடுக்கமாகவும் காட்டும். வர்ண வட்டத்தைச் சித்திரப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதை மீண்டும் இங்கே விளக்கவில்லை. நடைமுறையில் 60 : 30 : 10 என்ற விகிதம் உதவும். சுவர் முதலிய பெரும்பரப்புக்கு ஒரு நிறம், திரைச்சீலைக்கும் தளபாடத்துக்கும் இன்னொன்று, மெத்தையுறை போன்ற சிறு பொருட்களுக்கு எடுப்பான மூன்றாவது நிறம்.

நமது காலநிலையை வெளிநாட்டுச் சஞ்சிகைகள் சொல்லித்தரா. கசிவுள்ள சுவரில் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்றைப் பூசினாலும் மாரி முடியுமுன் உரிந்துவிடும். கசிவு நிறுத்தப்பட்ட பின்னரே பூச வேண்டும். புதிய சீமெந்துப் பூச்சை ஏறத்தாழ நான்கு வாரம் உலரவிட வேண்டும். கரையோர வீடுகளில் உவர்க்காற்றுக்கு இரும்பு வளையங்கள் துருப்பிடித்துத் திரைச்சீலையிலும் கறை ஏற்றும். பழைய எனாமல் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாக உரசாமல் ஈரப்படுத்தி, முகக்கவசம் அணிந்து உரச வேண்டும். சிறுபிள்ளைகள் அருகில் நிற்கக்கூடாது.

வேலை தொடங்குமுன் ஒரு புகைப்படமும் முடிந்தபின் அதே இடத்தில் நின்று இன்னொன்றும் எடுத்து வையுங்கள். சான்றிதழ் இல்லாதவருக்கு இவையே சான்று.

அளவுக் கணிப்பு

அறையொன்றின் நீளம் 4 மீற்றர், அகலம் 3.5 மீற்றர், உயரம் 3 மீற்றர். 1 மீற்றர் அகலமும் 2 மீற்றர் உயரமும் கொண்ட ஒரு கதவும், 1.5 மீற்றர் அகலமும் 1.2 மீற்றர் உயரமும் கொண்ட இரண்டு யன்னல்களும் உண்டு. சுவர்களுக்கு இரண்டு தடவை பூச வேண்டும். ஒரு லீற்றர் பெயின்ற் ஒரு தடவைக்கு 10 சதுர மீற்றர் பரப்புக்குப் போதும் எனக் கொள்க. (உண்மையான அளவு வாளியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும்.)

சுவர்ச் சுற்றளவு 15 மீற்றர். சுவர்ப் பரப்பு 15 × 3 = 45 சதுர மீற்றர். கதவுக்கு 2, யன்னல்களுக்கு 3.6, மொத்தம் 5.6 கழிக்க 39.4 சதுர மீற்றர். இரு தடவைக்கு 78.8. எனவே 7.88 லீற்றர், அதாவது 8 லீற்றர் வாங்க வேண்டும்.

திரைச்சீலையில்தான் பலர் பிழைவிடுவார்கள். யன்னலின் அகலத்துக்கே துணி வாங்கினால் மடிப்பு விழாது. வேட்டி காயப்போட்டது போல் தொங்கும். கம்பியின் நீளத்தைப்போல் இரு மடங்கு துணி தேவை. கம்பி யன்னலின் இருபுறமும் 15 சென்ரிமீற்றர் நீண்டிருக்கட்டும்; அதன் நீளம் 1.8 மீற்றர். இரு மடங்கு 3.6 மீற்றர். துணியின் அகலம் 1.2 மீற்றர் எனின் மூன்று துண்டுகள். ஒரு துண்டின் தொங்கல் 2.1 மீற்றர், மேல் கீழ் மடித்துத் தைக்க 0.3 மீற்றர் சேர்த்தால் 2.4 மீற்றர். ஒரு யன்னலுக்கு 7.2 மீற்றர், இரண்டுக்கும் 14.4 மீற்றர். பெரிய பூ உள்ள துணி என்றால் பூக்கள் ஒரே வரிசையில் வருவதற்கு மேலும் சிறிது துணி வேண்டும்.

விலை குறித்தல்

இப்பாடத்தின் முக்கிய பகுதி இதுவே. என்னிடம் படித்த ஒரு மாணவி இந்த வேலையில் நல்ல கைப்பழக்கம் உள்ளவள். தனது வீட்டை அவள் மாற்றிய விதத்தைக் கண்ட சித்தி, கலியாண வீடு வருகிறது, எங்கள் வரவேற்பறையையும் செய்து தா என்றார். அறை மேலே நாம் கணித்ததைப் போன்றதுதான். 40,000 ரூபா கேட்டாள். சித்தி மறுபேச்சின்றிக் கொடுத்தார். வேலை அழகாக முடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். இரண்டு கிழமை கழித்து வகுப்புக்கு வந்து, "எல்லாக் காசும் முடிஞ்சுது ரீச்சர், ஓட்டோக் காசு அம்மாட பேர்சில இருந்துதான் குடுத்தனான்" என்றாள். ஏன் கூடக் கேட்கவில்லை என்றதற்கு, "சொந்தச் சித்தியிட்ட எப்பிடி ரீச்சர் கேக்கிறது?" என்றாள்.

அன்று கரும்பலகையில் அவளது வேலையையே கணக்காகப் போட்டோம். கணிப்பு இலகுவாக இருப்பதற்காக விலைகளை முழு எண்களாக்கியுள்ளேன். நீங்கள் செய்யும்போது உங்கள் ஊர்க் கடையில் விசாரித்து அன்றைய விலையைப் போடுங்கள்.

நேர் மூலப்பொருட்கள்
பெயின்ற் 8 லீற்றர் × ரூ. 1,500 = ரூ. 12,000
துணி 14.4 மீற்றர் × ரூ. 1,000 = ரூ. 14,400
கம்பி, வளையம், நூல், மணல்தாள் = ரூ. 3,600
கூட்டுத்தொகை = ரூ. 30,000

நேர்கூலி
பெயின்ற் அடிப்பவர் 2 நாள் × ரூ. 3,500 = ரூ. 7,000
தையற்கூலி 2 யன்னல் × ரூ. 1,500 = ரூ. 3,000
சொந்த உழைப்பு 4 நாள் × ரூ. 2,500 = ரூ. 10,000
கூட்டுத்தொகை = ரூ. 20,000

முதன்மைக் கிரயம் = ரூ. 50,000
மேந்தலைக் கிரயம் (முச்சக்கர வண்டி, தொலைபேசி ரூ. 3,200, கருவிகளின் பெறுமானத் தேய்வு ரூ. 800) = ரூ. 4,000
மொத்தக் கிரயம் = ரூ. 54,000
இலாபம் கிரயத்தில் 15% = ரூ. 8,100
குறிக்க வேண்டிய விலை = ரூ. 62,100

அவள் பெற்ற 40,000 ரூபா மூலப்பொருளுக்கும் பிறருக்குக் கொடுத்த கூலிக்கும் சரியாகத் தீர்ந்துபோனது. போக்குவரத்துக்கும் தொலைபேசிக்கும் போன 3,200 ரூபா அம்மாவின் காசு. நான்கு நாள் உழைப்புக்கு ஒரு சதமும் இல்லை. அந்த நான்கு நாளும் அவள் ஒரு தையல் நிலையத்தில் வேலை செய்திருந்தால் கூலி கிடைத்திருக்கும். அவள் கைவிட்ட அந்த வருமானமே, பொருளியலில் நாம் படிக்கும் அமையச் செலவு. வகுப்பில் அதன் வரைவிலக்கணத்தைப் பிழையின்றி ஒப்புவித்தவளும் இவள்தான்!

பெண்பிள்ளைகள் குறிப்பாக இதைக் கவனிக்க வேண்டும். வீட்டு வேலைக்குக் கூலி கேட்டுப் பழக்கமில்லாத காரணத்தால், வீட்டை அலங்கரிக்கும் வேலைக்கும் கூலி எழுதக் கை கூசும். பெயின்ற் அடித்த அண்ணைக்கு 3,500 ரூபாவைக் கூசாமல் எண்ணிக் கொடுத்த அதே கை.

சொந்தக்காரருக்குச் சலுகை கொடுக்கக்கூடாதா? கொடுக்கலாம். ஆனால் அது விலையிலிருந்து கொடுக்கும் கழிவாக இருக்க வேண்டும், கிரயத்தை மறைப்பதாக இருக்கக்கூடாது. 62,100 ரூபாவில் 10% கழிவு 6,210 ரூபா. பெறுவது 55,890 ரூபா. கிரயம் போக 1,890 ரூபா இலாபமும், தனியாகச் சொந்த உழைப்பின் 10,000 ரூபாவும் கையில் நிற்கும். விலைக்கூறலில் முழு விலையையும் எழுதி, அதன் கீழே கழிவை எழுதிக் கொடுத்தால் சித்திக்கும் தனக்குக் கிடைத்த சலுகை தெரியும். வாயால் மலிவாகச் சொன்னால், அதுவே அந்த வேலையின் விலை என்று அடுத்த வீட்டுக்கும் போய்ச் சேரும்.

விலைக்கூறல் எப்போதும் எழுத்தில் இருக்க வேண்டும். செய்யும் வேலைகள், செய்யாத வேலைகள், முடியும் திகதி, விலை, முற்பணம், விலை செல்லுபடியாகும் நாட்கள் என்பன அதில் அடங்கும். இறுதியாகக் கூறியதன் அவசியத்தை 2022ஆம் ஆண்டில் நாடே கண்டது. ரூபாவின் பெறுமதி சரிந்து, மாத முற்பகுதியில் கேட்ட விலை மாத இறுதியில் இல்லை. "இவ்விலை 14 நாட்களுக்கு மட்டும் செல்லுபடியாகும்" என்று எழுதாதவர் நட்டத்தைத் தன் தலையில் சுமக்க நேர்ந்தது. மூலப்பொருட் கிரயத்துக்குக் குறையாத தொகையை முற்பணமாகப் பெறுவது நல்லது. அப்போது தொழில் தொடங்கப் பெரிய மூலதனமும் கடனும் தேவைப்படா.

வியாபாரமாக ஒழுங்கமைத்தல்

தொடக்கத்தில் தனிவியாபாரமே பொருத்தமானது. சொந்தப் பெயரல்லாத வேறொரு பெயரில் நடத்துவதாயின் வியாபாரப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். இதற்குப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். 18 வயது நிறையாதவர் பெற்றோர் ஒருவரின் பெயரில் தொடங்கி, வயது வந்தபின் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வதே உகந்தது. வியாபாரம் வேறு, உரிமையாளர் வேறு என்ற எண்ணக்கருவை முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள். வாடிக்கையாளர் தந்த முற்பணத்தில் தம்பிக்குச் சப்பாத்து வாங்கினால் அதை எடுப்பனவாகக் காசேட்டில் பதிய வேண்டும். ஒரு கொப்பி போதும்.

வாடிக்கையாளர் வீடுகளில் மட்டும் இருப்பதில்லை. சிகை அலங்கார நிலையம், சிறு உணவகம், தனியார் கல்வி நிலையம், விடுதி அறை எல்லாம் இதற்குள் வரும். யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து உறவினர் வருவதற்கு முன் வீடுகளைத் திருத்துவோர் உண்டு. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்னும் அப்படியே. உங்கள் ஊரில் எந்த மாதத்தில் பெயின்ற் வாளி அதிகம் போகிறது என்று இரும்புக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அதுவும் சந்தை ஆய்வே.

சுயமாகக் கற்றவருக்குச் சான்றிதழே கிடைக்காது என்பதில்லை. தையல், தளபாட வேலை போன்ற தொழில்களில், பயிற்சிநெறி எதையும் பின்பற்றாமல் அனுபவத்தால் பழகியவரின் திறனைச் சோதித்துத் தேசிய தொழில்சார் தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு எமது நாட்டில் உண்டு. அதற்கும் நீங்கள் சேர்த்து வைத்த புகைப்படங்களும் விலைக்கூறல்களும் பயன்படும்.

என் மாணவி அடுத்த வேலைக்கு விலைக்கூறலை எழுதி எடுத்துக்கொண்டு போனாள். வீட்டுக்காரர் தொகையைப் பார்த்துவிட்டு, ஒரு யன்னலுக்கு மட்டும் போதும் என்றார். சிறிய வேலைதான், அவளுக்கு இரண்டு நாட்கூலியும் சிறிது இலாபமும் கிடைத்தன. காசேட்டின் முதல் பக்கத்தை எனக்குக் கொண்டுவந்து காட்டினாள். மேந்தலையை மட்டும் மறந்திருந்தாள்.

பயிற்சி வினாக்கள்

1. உள்ளக அலங்காரத்துக்கும் உள்ளக வடிவமைப்புக்கும் இடையிலான வேறுபாட்டை உதாரணத்துடன் விளக்குக.

2. எல்சி டி வுல்ஃப், ஈனா டி சில்வா ஆகிய இருவரிடமும் காணப்பட்ட தொழில் முயற்சியாளருக்குரிய பண்புகள் இரண்டைக் குறிப்பிட்டு, அவை வெளிப்பட்ட செயல்களை எழுதுக.

3. கம்பியின் நீளம் 2.4 மீற்றர், துணியின் அகலம் 1.2 மீற்றர், தொங்கல் 2 மீற்றர், மடிப்புக்கு 0.3 மீற்றர் எனின் ஒரு யன்னலுக்குத் தேவையான துணியின் நீளம் யாது? (விடை: 9.2 மீற்றர்)

4. மேலே தரப்பட்ட வேலையில் பெயின்றின் விலை லீற்றருக்கு ரூ. 1,800 ஆக உயர்ந்தது. ஏனைய கிரயங்களும் இலாப வீதமும் மாறாதெனின் புதிய விலையைக் கணிக்குக. (விடை: ரூ. 64,860)

5. உங்கள் வீட்டின் ஓர் அறையை அளந்து, அதற்கான விலைக்கூறல் ஒன்றை முழுமையாகத் தயாரிக்குக. உங்கள் சொந்த உழைப்புக்கு நீங்கள் இட்ட நாட்கூலியை எவ்வாறு தீர்மானித்தீர்கள் என்பதையும் எழுதுக.